புதுப் பெயின்ட் அடித்த பழைய கிட்டார்

மார்ச் 3

மாமாவுக்கு,

நலம். அங்கேயும் எல்லாரும் நலம்னு நம்பறேன். போன்ல சொன்னா உங்களுக்குப் பாதிதான் கேக்குது. மீதியை நீங்களா நிரப்பிக்கிறீங்க. அதனால எழுதறேன்.

ஆறு மாசம் முன்னாடி உங்க பொண்ணு அங்க வந்தப்ப, அவ சாமானோட சேர்ந்து என்னோட நீளமான கறுப்புப் பெட்டி ஒண்ணும் வண்டியில ஏறிடுச்சு. கட்டிலுக்கு அடியில கிடந்ததால, ஏத்தினவங்க அதையும் அவளோடதுன்னு நினைச்சுட்டாங்க. உள்ள ஒரு எலக்ட்ரிக் கிட்டார் இருக்கு. ஐம்பது வருஷத்துக்கு மேல பழசு. கிட்டார் வாங்கி விக்கற இந்தத் தொழில்ல என் கைக்கு வந்து போன கிட்டார்கள்லயே நல்ல விலை போகக்கூடியது அது ஒண்ணுதான். நேரம் வரட்டும்னு விக்காம வச்சிருந்தேன். இப்ப ஆள் கிடைச்சிருக்கு. ஒரு பல் டாக்டர். வாசிக்கத் தெரியாது, பழைய கிட்டார் சேக்கறவர்.

அவ எதுக்காகக் கிளம்பினான்னு உங்களுக்குத் தெரியும். ஹால்ல கிட்டார், படுக்கையறையில கிட்டார், குளிக்கிற ரூம் வாசல்ல ஆம்ப்ளிஃபயர். "இது வீடா குடோனா? கிட்டாருக்கு ஒரு இடம், மனுஷனுக்கு ஒரு இடம்னு ஆகட்டும், அப்புறம் வர்றேன்"னு சொல்லிட்டுத்தான் போனா. தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்க தெருமுனையில தையல்காரர் காலி பண்ணின கடை ஒண்ணு வாடகைக்கு வருது. மாசக் கடைசிக்குள்ள முழு அட்வான்ஸும் கொடுக்கணும்னு சொல்றாங்க. அந்த கிட்டார் ஒண்ணு வித்தா அது சரியாப் போயிடும். எல்லாச் சரக்கையும் அங்க தள்ளிட்டா வீடு வீடா இருக்கும்.

பெட்டியைப் பார்சல்ல போட்டு அனுப்புங்க. செலவை நான் இங்க கட்டிக்கறேன். விஷயத்தை அவகிட்டயும் சொல்லிடுங்க. நான் போன் பண்ணினா "சாப்பிட்டாச்சா"ங்கறதோட பேச்சு முடிஞ்சிடுது.

போன தடவை வந்தப்ப உங்க ஷெட்டுல அந்தப் பழைய கம்ப்ரசரைப் பார்த்தேன். இன்னும் ரெண்டு வருஷம் போனா காயலான் கடைக்குத்தான். இப்பவே தள்ளிவிட்டா ஏதாவது தேறும்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 7

மாப்பிள்ளைக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. என் கண்ணாடி உடைஞ்சு கடையில கிடக்கு, அதனால என் பொண்ணுதான் படிச்சுச் சொன்னா. எழுதறதுக்குக் கண்ணாடி வேண்டாம், கை பழக்கத்துல போயிடும். வரி கோணலா இருந்தா பொறுத்துக்கங்க. தையல் கடை விஷயம் வந்தப்ப படிக்கறதை நிறுத்தி மேல பார்த்தா. என்னம்மான்னேன். ஒண்ணுமில்லப்பான்னு திரும்பவும் ஆரம்பிச்சா. மனசுக்குள்ள சந்தோஷம்தான்னு நினைக்கிறேன். வெளிய காட்டுவாளா? அவங்கம்மா மாதிரியே அழுத்தக்காரி.

சரி, பெட்டியைத் திறந்தேன். ஐயோ, மாப்பிள்ளை! நீங்க எழுதினதைக் கேட்டு நான் என்னவோ ஏதோன்னு நினைச்சேன். இது என்ன கோலம்! வெள்ளையா இருந்த பெயின்ட் மஞ்சப் பூத்துப் போய் பல் விளக்காதவன் பல்லு மாதிரி இருக்கு. பின்பக்கம் பூரா கீறல். ஓரத்துல சில்லு சில்லாப் பேந்து மரம் பல்லிளிக்குது. தலைப்பக்கம் யாரோ சிகரெட்டை வச்சுச் சுட்டிருக்கான். இதையா ஒரு படிச்ச டாக்டர்கிட்ட நீட்டப் போறீங்க? மானம் போயிடாது?

நான் கார் பெயின்டர். டிங்கரிங் முடிச்சு, பட்டி வச்சு, தேய்ச்சு, ஸ்பிரே அடிக்காம ஒரு பழைய வண்டியையும் நான் பார்ட்டி கண்ணுல காட்டினது கிடையாது. வாங்கறவன் முதல்ல மேனியைத்தான் பார்ப்பான். அப்புறம்தான் இன்ஜின். ஓட்டை வண்டிகூட என் ஷெட்டுக்குள்ள வந்துட்டுப் போனா ஒண்ணரை மடங்கு விலைக்குப் போகும், தெரிஞ்சுக்கங்க. நீங்க வாங்கி விக்கறதுல கெட்டிக்காரரா இருக்கலாம். மேனி வேலை நம்ம டிபார்ட்மென்ட்.

ஒரு வாரம் பொறுங்க. அனுப்பறேன். நன்றி கின்றி எல்லாம் வேண்டாம், வீட்டு ஆளுக்குள்ள என்ன?

கம்ப்ரசர் உயிரோடதான் இருக்கு. அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்.

மாமா


மார்ச் 8

மாமாவுக்கு,

உங்ககிட்ட இருந்து இன்னும் பதில் வரல. அதுக்குள்ள இன்னொரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கு.

டாக்டர் நேத்து வந்தார். மணிக்கட்டுல ஒரு பழைய கைக்கடிகாரம் கட்டியிருந்தார், வாரை மாத்தாம வச்சிருந்தா நல்ல விலை போயிருக்கும். என்கிட்ட இருந்த பழைய போட்டோக்களைப் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தார். பின்பக்கக் கீறலைப் பார்த்ததும் முகமே மாறிடுச்சு. யாரோ ஒருத்தன் இருபது வருஷம் மேடையில நின்னு வாசிச்சப்ப அவன் பெல்ட் பக்கிள் உரசின கீறல் அது. சிகரெட் சூடும் அப்படித்தான், கம்பி நுனியில சிகரெட்டைச் செருகி வச்சுட்டு வாசிப்பாங்க. டாக்டருக்கு அதெல்லாம்தான் வேணும். பெயின்ட் ஃபாக்டரியில அடிச்சதா, நடுவுல யாராவது தொட்டாங்களா, இந்த ஒரு கேள்வியை மட்டும் என்னை நாலு விதமாக் கேட்டார். யாரும் தொடலன்னு சொன்னேன்.

அதனால தயவுசெஞ்சு தூசிகூடத் துடைக்காதீங்க. கம்பி துருப்பிடிச்சிருக்கும், அப்படியே இருக்கட்டும். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப வேண்டாம். எப்படி இருக்கோ அப்படியே மூடி அனுப்புங்க. வர்ற இருபதாம் தேதி பணத்தோட வர்றேன்னு சொல்லியிருக்கார்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 13

மாப்பிள்ளைக்கு,

பார்சல் போட்டாச்சு. பிரிக்கும்போது கண்ணு கூசும், முன்கூட்டியே சொல்லிடறேன்!

உங்க ரெண்டாவது கடிதம் வந்தப்ப நான் மூணாவது கோட் அடிச்சு காயவச்சிருந்தேன். என் பொண்ணு ஷெட்டுல நின்னுதான் படிச்சா. தூசிகூடத் துடைக்காதீங்கன்னு கேட்டதும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. என்னம்மா இப்படி எழுதியிருக்காரேன்னேன். "அவர் கிடக்கறார். காஞ்சதும் பாலிஷ் போடுங்கப்பா"ன்னா. அவ சொன்னதும் எனக்கும் தெம்பு வந்துடுச்சு. யோசிச்சா விஷயம் புரியுது. வாங்கறவன் எல்லாம் ஒரே ஜாதி. விலையைக் குறைக்க எதையாவது சொல்வான். கீறல் பிடிச்சிருக்காம், சூடு பிடிச்சிருக்காம்! என்கிட்டயும் வருவாங்க இப்படி. பல்லைப் பிடுங்கறவன்கிட்டப் போய் ஏமாந்துடாதீங்க.

வேலையைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. முதல்ல எல்லாத்தையும் கழட்டினோம். கம்பிக்கு அடியில இருக்கற அந்தக் காந்தம், பொத்தான், ஒயர் எல்லாத்தையும் என் பொண்ணுதான் கழட்டி தனித்தனி டப்பாவுல போட்டு வச்சா. எங்கிருந்துதான் கத்துக்கிட்டாளோ, ஒரு ஸ்க்ரூ மாறல. பழைய பெயின்ட் லேசுல போகல. உப்புத்தாள் போட்டுத் தேய் தேய்ன்னு தேய்ச்சு மரத்தைக் கொண்டுவந்தேன். சில்லுக்கெல்லாம் பட்டி வச்சேன். சிகரெட் சூடு எங்க இருந்துச்சுன்னு இப்ப நீங்களே தேடினாலும் கிடைக்காது. கலர்தான் ஒரு நாள் பூரா யோசிச்சோம். நான் நீலம்னேன். அவ கலர் அட்டையைப் புரட்டி மாதுளை முத்துச் சிவப்பை எடுத்துக் காட்டினா. ஒரு பெரிய மனுஷன் வண்டிக்கு வாங்கினதுல மிச்சம் இருந்துச்சு. அடிச்சுப் பார்த்தா, அடடா, வெயில்ல வச்சா உள்ள விளக்கு எரியற மாதிரி இருக்கு.

இத்தனை நாள் கழிச்சு அவ ஷெட்டுக்கு வந்து என்னோட நின்னு வேலை பார்த்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். அதையும் எழுதணும்னு தோணிச்சு.

டாக்டர்கிட்ட விலையைக் கூட்டியே கேளுங்க. கூச்சப்படாதீங்க.

மாமா


மார்ச் 18

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. சேதாரம் இல்ல. மேனி வேலைன்னு நீங்க எழுதின கடிதம் கிடைச்சப்ப, அதுக்குள்ள என் ரெண்டாவது கடிதம் உங்ககிட்ட வந்திருக்கும், நிறுத்திடுவீங்கன்னு நம்பி போன் பண்ணாம இருந்துட்டேன்.

வேலை சுத்தம். எந்த வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தாலும் ஒரு அலை இல்ல, ஒரு புள்ளி இல்ல. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இவ்வளவு நல்ல பெயின்ட் வேலையை ஒரு கிட்டார்ல பார்த்ததில்ல. குறை சொல்ல முடிஞ்சிருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்.

நீங்க தெரிஞ்சுக்கறது நல்லதுன்னு சொல்றேன். பழைய கிட்டார் கார் மாதிரி இல்ல. அதோட விலையில பெரும்பங்கு அந்தப் பழைய பெயின்ட்டுக்குத்தான். மஞ்சளானது, கீறினது, பேந்தது எல்லாம் சேர்ந்ததுதான் விலை. அதை ஒருத்தர் தேய்ச்சு எடுத்துட்டா, எவ்வளவு அழகா அடிச்சாலும், விலை மூணுல ஒரு பங்குக்கு வந்துடும். மரம் அதேதான், காந்தம் அதேதான், ஆனா வாங்க வர்றவங்க அதைப் பார்க்க மாட்டாங்க. டாக்டருக்கு போன்லயே சொல்லிட்டேன். மறைச்சு வித்தா நாளைக்கு இந்த ஊர்ல யாரும் என்கிட்ட வர மாட்டாங்க. "அடடா"ன்னார். அதோட சரி. யாரோ செத்துட்டாங்கன்னு கேட்ட மாதிரி ஒரு அடடா. அப்புறம் கூப்பிடல.

எனக்கு உங்க மேல கோபம் இல்ல. நீங்க உங்க தொழில்ல சரியானதைச் செஞ்சீங்க.

ஆனா அவளுக்குத் தெரியும். ஏழு வருஷமா என் விளம்பரத்துக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுத்தது அவதான். "பெயின்ட் ஒரிஜினல், யாரும் தொடாதது"ன்னு அவ கையால எத்தனை தடவை எழுதியிருப்பான்னு கணக்கே இல்ல. யாரோ ஒரு ஆள் நல்லா இருக்கட்டுமேன்னு வார்னிஷ் அடிச்சுக் கொண்டுவந்த கிட்டாரைப் பார்த்துட்டு, அந்த ஆள் போனதும் என்னைவிட அதிகமா வருத்தப்பட்டவ அவ. நீங்க உப்புத்தாளைக் கையில எடுத்தப்பவே என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். நின்னு பார்த்திருக்கா. கலரும் எடுத்துக் கொடுத்திருக்கா. இது எதுக்கான பணம்னும் தெரிஞ்சே.

வர இஷ்டமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வலிக்குது மாமா. வேற எப்படி எழுதறதுன்னு தெரியல.

கிடைச்ச விலைக்கு இதைத் தள்ளிவிடப் போறேன். தையல் கடை விஷயம் இனிமே அவசியமில்ல. அவகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 22

மாப்பிள்ளைக்கு,

கேக்க வேண்டாம்னு நீங்க எழுதினா நான் கேக்காம இருக்கணுமா? இந்தக் கடிதத்தை அவகிட்டக் கொடுக்கல. பக்கத்துக் கடைக்காரர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்டு நானே படிச்சேன். நாப்பது வருஷமா நான் கை வச்ச எதுவும் விலை குறைஞ்சது கிடையாது. என் கையை வச்சே உங்க ரெண்டு பேரும் சண்டை போட்டிருக்கீங்க. எனக்கும் ரோஷம் இருக்கு மாப்பிள்ளை. அதை முதல்ல சொல்லிக்கறேன்.

அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஷெட்டுல வேலை பார்க்கறவங்க எல்லாம் நிமிர்ந்து பார்த்தாங்க. பார்த்தா பார்க்கட்டும்! தெரிஞ்சே செஞ்சியாடீன்னேன். ஆமான்னா. கண்ணு கலங்கலை, குரல் மாறலை. ஆமாப்பா, தெரிஞ்சுதான்னா. அவ சொன்னதை என் ஞாபகத்துல இருக்கற அளவுக்கு எழுதறேன். நடுவுல நான் எதையும் சேர்க்கல.

"அவர் எது வாங்கினாலும் அன்னிக்கே அதை வித்தா என்ன வரும்னு சொல்லிடுவார். கட்டில் வந்தப்ப சொன்னார், பீரோ வந்தப்ப சொன்னார். என் பிறந்தநாளுக்கு மோதிரம் வாங்கிக் கொடுத்துட்டு, செய்கூலி போக இவ்வளவு தேறும்னு சொன்னார். கெட்ட எண்ணம் இல்லப்பா, அவருக்கு அது வாயில வந்துடும். ஆனா ஏழு வருஷமா விலைச்சீட்டுக்கு நடுவுல இருந்தேன். இடம் இல்லைங்கறது ஒரு பேச்சுக்குச் சொன்னது. இப்ப தன்கிட்ட இருக்கறதுலயே பெருசை வித்து என்னைக் கூட்டிட்டுப் போறார்னு வைங்க. ஆயுசுக்கும் அந்த கிட்டார் விலைதான் என் விலை. ஒவ்வொரு சண்டையிலயும் அது வரும். வாயால சொல்ல மாட்டார், ஆனா அந்தச் சந்தையில இன்னிக்கு அது என்ன விலைக்குப் போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பார்."

நான் கிளம்பலாம்னு நினைச்சப்ப திரும்பவும் சொன்னா. "நீங்க தேய்க்க ஆரம்பிச்சப்ப நிறுத்துங்கப்பான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் தோணிச்சு, இனிமே இதை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டாங்க. அந்த வீட்டுல விக்க முடியாத பொருள் ஒண்ணாவது இருக்கட்டும். அதை அவர் வச்சுக்கிட்டார்னா, இடம் இருக்கோ இல்லையோ, நான் போறேன். வித்துட்டார்னா போக மாட்டேன்."

இதுதான் அவ சொன்னது. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. ரெண்டு பேருக்கும் சேர்த்து மந்திரிக்கணும். ஆனா மாப்பிள்ளை, வித்துடாதீங்க. இந்தக் கடிதம் வர்றதுக்குள்ள வித்திருந்தீங்கன்னா எனக்கு எழுதவே எழுதாதீங்க.

மாமா


மார்ச் 28

மாமாவுக்கு,

உங்க கடிதம் இருபத்தஞ்சாம் தேதி வந்தது. கிட்டாரை அதுக்கு மூணு நாள் முன்னாடியே வித்துட்டேன். எழுத வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. ஆனாலும் எழுதறேன்.

வாங்கினது ஒரு பொண்ணு. ஹோட்டல்ல சாயங்காலம் வாசிக்கிறவ. விளம்பரம்கூடப் போடல. வேற ஏதோ கேபிள் வாங்க வந்தவ, மேசை மேல இதைப் பார்த்துட்டு நகரல. பெயின்ட் புதுசு, பழைய மதிப்பு கிடையாதுன்னு சொல்லித்தான் கொடுத்தேன். "எனக்கு வாசிக்கத்தானே"ன்னா. கிடைச்சது மூணுல ஒரு பங்குக்கும் குறைவு. அன்னிக்கு நிம்மதியா இருந்த மாதிரி இருந்தது.

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு முதல்ல கோபம்தான் வந்தது. மோதிரம் விஷயம் பொய்யோன்னு யோசிச்சேன். பொய் இல்ல. நான் நகைக்கடை வாசல்லயே நின்னு சொன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சதால பிடிச்சிருக்குன்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

மறுநாள் அந்த ஹோட்டலுக்குப் போனேன். திருப்பிக் கொடுன்னு கேட்டேன். மாட்டேன்னா. வாங்கின விலையைவிடக் கூடத் தர்றேன்னேன். எதுக்குன்னு கேட்டா. என்ன சொல்றதுன்னு தெரியல, என் வீட்டுல வேணும்னு சொல்றாங்கன்னேன். யாருன்னா. மனைவின்னேன். அவங்க வாசிப்பாங்களான்னா. இல்லன்னேன். என்னை ஒரு மாதிரியாப் பார்த்தா. கடைசியில வீட்டுக்கே கூட்டிட்டு வந்தேன். உனக்கு எது வேணுமோ எடுத்துக்கன்னேன். சுத்திச் சுத்திப் பார்த்து இருக்கறதுலயே நல்லதா ரெண்டு கிட்டார் எடுத்தா. பெரிய ஆம்ப்ளிஃபயரையும் கேட்டா. கொடுத்துட்டேன்.

வித்த விலைக்கு மேல கொடுத்து ஒரு பொருளை நான் திரும்ப வாங்கினது இதுதான் முதல் தடவை. தொழில்ல இருக்கறவங்க யாராவது கேட்டா சிரிப்பாங்க. நான் அவங்க இடத்துல இருந்தா நானும் சிரிப்பேன்.

தையல் கடையை ஜெராக்ஸ்காரர் எடுத்துட்டார். நேத்தே போர்டு மாட்டியாச்சு. வீடு பழையபடி குடோன்தான். ரெண்டு கிட்டார் போனதால ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போடற அளவுக்கு இடம் இருக்கு, அவ்வளவுதான். அவ வந்தா இதைத்தான் பார்ப்பா. முன்னாடியே சொல்லிடுங்க, வந்து பார்த்து ஏமாற வேண்டாம்.

சிவப்பு கிட்டார் ஹால் சுவத்துல மாட்டியிருக்கு. ரெண்டு நாளா சாயங்காலம் எடுத்து வாசிக்கிறேன். இவ்வளவு வருஷத்துல இதை நான் வாசிச்சதே இல்ல, விரல் பட்டா விலை குறையும்னு பெட்டியிலயே வச்சிருந்தேன். சத்தம் ரொம்ப நல்லா இருக்கு மாமா.

அவ வர்றதும் வராததும் அவ இஷ்டம். வந்தா நல்லா இருக்கும்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

கடிதம் நேத்து வந்துச்சு. எனக்குப் புதுக் கண்ணாடி வந்தாச்சு, ஆனாலும் அவகிட்டயே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு "மனைவி வாசிப்பாங்களா"ன்னு கேட்ட இடத்துல சிரிச்சுட்டா. ஆம்ப்ளிஃபயர் போன இடத்துல "ஐயோ, அதையுமா?"ன்னா. முடிக்கும்போது மூக்கைச் சிந்திட்டு, ஷெட்டுல பெயின்ட் நெடி ஜாஸ்தியா இருக்குன்னா. நேத்து நான் பெயின்ட்டே திறக்கல.

இன்னிக்குக் காலையில பஸ் ஏத்திவிட்டு வந்து எழுதறேன். ஒரு பைதான் எடுத்திருக்கா. மத்த சாமானை அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போம்மான்னேன். முதல்ல போய்ப் பார்க்கறேன்பான்னா. அதுக்கு மேல நான் என்ன பேச?

பைக்குள்ள புதுசா ஒரு திரைச்சீலை வச்சிருக்கா, உங்க ஜன்னலுக்கு. தானே போய் எடுத்துட்டு வந்தா. அதைக் காட்டுவா. நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அதோட வாயை மூடிக்கங்க. துணி ரகம், கிழிஞ்சா என்ன தேறும், ஒண்ணும் வேண்டாம், புரியுதா? ஆனா இந்தக் கடிதம் உங்க கைக்கு வரும்போது அவ வந்து நாலு நாள் ஆகியிருக்கும். அதுக்குள்ள சொல்லித் தொலைச்சிருக்காதீங்க மாப்பிள்ளை.

மாமா